பாதி எலும்பு

ஜீரோ கேட்டில் கடைசிப் படகைத் தவறவிட்டு
சூரியநாராயண செட்டித் தெரு வழியாகத்
தப்புத் தப்பாகத் திரும்பி
எங்கள் சந்துக்குள் வந்து நின்றான்.
நெட்டை ஆள். தாடியில் மழை.
கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
செல்போன் வெளிச்சத்தை முகத்தில் அடித்து
யார்றா என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.

'இன்னாய்யா கேள்வி, ஆளு நடுங்கினு கீது'
என்னைத் தாண்டிப் போய்
துண்டை நீட்டினாள் அமலோற்பவம்.

வானம் கொட்டியதெல்லாம் சாக்கடையோடு கடலுக்குப் போக
வீட்டில் இருந்தது இரண்டு குடம், அரை பக்கெட்.
இரண்டு நாளாகத் தண்ணி லாரி இல்லை.
விடிந்தால் பிள்ளைக்கு ஸ்கூல், எனக்கு ஷிப்ட்.
ஒரு குடத்தை அண்டாவில் கவிழ்த்தாள்,
முழுசாக.
குடம் காலியாவதை
இருட்டில் காதாலேயே பார்க்கலாம்
என்று அன்றைக்குத் தெரிந்தது.

குளித்து வந்தவனுக்கு என் நீலக் கட்டம் போட்ட லுங்கி
முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.
பக்கத்து வீட்டு நாகூரான் நாற்காலி கொண்டுவந்தார்;
கொடுத்துவிட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. இடியாப்பம், ஆட்டுக்கால் பாயா.
எத்தனை தின்கிறான் என்று எண்ணக் கூடாது
என்று எண்ணிக்கொண்டே எண்ணினேன்.
பதினொன்று.

அப்புறம்தான் பேசினான்,
பாதி இங்கிலீஷ், பாதி கை.
ஊர் கிரீஸ். கப்பலில் செகண்ட் இன்ஜினியர்.
ஐந்து மாதமாக நங்கூரம். சம்பளம் கிடையாது.
முதலாளி போனை எடுப்பதில்லை.
இதற்கெல்லாம் எனக்கு மொழி தேவைப்படவில்லை.

தட்டிலிருந்து ஒரு கணு எலும்பை எடுத்து
உறிஞ்சி, துடைத்து,
தரையில் நிறுத்திவைத்தான்.
தாயக்கட்டை மாதிரி நாலு பக்கம்.
எங்கள் ஊரில் இதை உருட்டித்தான் ஆடினார்கள் என்றான்,
ஏசுவுக்கும் முந்தி.
அப்போது ஊர் விட்டு ஊர் போகிறவனுக்கு லாட்ஜ் இல்லை,
யாருடைய கதவாவதுதான்.
தட்டினால் தண்ணி. அப்புறம் சோறு.
சோற்றுக்கு அப்புறம்தான் பேர் கேட்கணும்.
வேஷம் போட்டு வந்த சாமியாக இருந்துவிட்டால்
என்ற பயமும் உண்டாம்.
'திருடனாவும் இருக்கலாம்' என்றார் நாகூரான்.
அதை எப்படியோ சொல்லிப் புரியவைத்தேன்.
திருடனுக்கும் முதலில் தண்ணிதான் என்றான்.
வந்தவனுக்கும் சட்டம் இருந்ததாம்:
வீட்டுக்காரன் பொருளைத் தொடாதே, பெண்டாட்டியைத் தொடாதே.
ஒருத்தன் தொட்டான்,
பத்து வருஷச் சண்டை, ஒரு பட்டணமே எரிந்தது.
'பட்டணமேவா?' என்றாள் அமலோற்பவம்,
அண்டாவைக் கழுவாமல்.

கிளம்பும்போது எலும்பை இரண்டாக்கி
ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்களாம்.
பேரன் வந்து தட்டினாலும்
இரண்டு பாதியும் பொருந்தினால் போதும்.
என் டூல்ஸ் பையிலிருந்து ஆக்ஸா பிளேடை எடுத்தேன்.
நான் பிடிக்க, அவன் அறுத்தான்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் வெள்ளைத் தூள்,
பாயா வாசம்.

கரண்ட் வந்தது. கூடவே
சந்து முனையில் ஹாரன்.
கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் வேதகிரி,
பாஸ் நேரம் முடிஞ்சிபோச்சு என்று
தெருவே எழுந்திருக்கக் கத்தினார்.
நெட்டையன் என் லுங்கியோடு ஓடினான்.
வண்டி ஜி.எம். பேட்டை ரோட்டுப் பக்கம் திரும்பிய பிறகு
தலையில் அடித்துக்கொண்டாள்:
'யோவ், பேரு?'

ஆறு வருஷம்.
கப்பலை ஏலம் விட்டு உடைத்துப் போட்டாயிற்று.
பாதி எலும்பு மாதா படத்துக்குக் கீழே.
எறும்பு மொய்த்ததால் ஒருமுறை
கருவாட்டைப் போல உப்பில் புரட்டிக் காயவைத்தாள்.

மச்சான் சூசை அடுத்த மாசம்
ஆயில் டேங்கரில் அந்தப் பக்கம் போகிறான்.
நெத்திலிப் பொட்டலத்துக்குள் எலும்பையும் வைத்துச் சுற்றுகிறாள்.
அட்ரஸ் இல்லை. பேர் இல்லை.
அத்தனை பெரிய துறைமுகத்தில்
யார்கிட்ட போய்க் காட்டுவான் என்றேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்:
'உன் லுங்கிய எவன் கட்டினு கீறானோ
அவன்கிட்ட.'