ஏழு வரை எண்ணுதல்

பதினொரு வருடமாக
கவிழ்த்துப் பெருக்கு என்றுதான் சொல்லி வந்தேன்.
பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வந்தால்
இரண்டாவதைத் தலைகீழாக்கு, பெருக்கு,
விடையின் கீழ் இரட்டைக் கோடு.

மாசியில் ஒரு செவ்வாய், மூன்றாம் பாடம்.
ஏழாம் தரத்துத் திலக்ஷனா எழுந்து
ஏன் டீச்சர் கவுக்கணும்? என்றாள்.
பரீட்சைக்கு அது வராது, உட்கார் என்றேன்.
உட்கார்ந்துவிட்டாள்.
அன்று முழுக்க என்னால்தான் உட்கார முடியவில்லை.

செயலமர்வுக்குப் போகாதவள் இல்லை நான்.
ஹட்டனில், மேல்மாடி மண்டபத்தில்,
பெயர் எழுதி, கையொப்பம் வைத்து,
வெளியிலிருந்து வந்த வளவாளரின் திரையில்
அம்புக்குறிகள் வட்டத்துக்குள் ஓடுவதைப் பார்த்து,
பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சல் பிரித்து,
மூன்றே காலுக்குப் பொகவந்தலாவை பஸ்.
சான்றிதழ் ஒன்பது இருக்கிறது
பிளாஸ்டிக் உறைக்குள், ஈரம் படாமல்.
ஏன் கவுக்கணும் என்று
ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.

புஷ்பகாந்தனைக் கேட்டேன்.
மேற்பிரிவுப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர்.
பிளேன்டீயைக் கொஞ்ச நேரம் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டு
"எனக்கும் தெரியாது டீச்சர்" என்றார்.
தொடக்க விழா அவ்வளவுதான்.
குத்துவிளக்கு இல்லை, மாலை இல்லை,
வரவேற்புரை நிகழ்த்தவும் ஆளில்லை.

பிறகு புதன்கிழமைகள்.
பேக்கரி மாடியில் ஆடுகிற மேசை,
நான்கு பேர், நான்கு மாலு பணிஸ்.
ரிஸ்மியா அரைக்கிலோ சீனிப் பைகளை அடுக்கினாள்.
மூன்று கிலோவுக்குள் அரை எத்தனை தடவை?
ஆறு. அது எல்லோருக்கும் தெரியும்.
மூன்றில் இரண்டு வந்ததும்தான் பை கிழிந்தது,
சீனி சிந்தியது, மலைக்குப் போகும் கடைசி பஸ்
ஹோர்ன் அடித்துவிட்டுப் போயேவிட்டது.
ஒன்றுக்குள் மூன்றில் இரண்டு
ஒன்றரைத் தடவை போகும்.
ஒன்றரை என்றால் இரண்டில் மூன்று.
யாரும் கவிழ்க்காமலே
அது அங்கே கவிழ்ந்து கிடந்தது.
ஆட்டோவுக்கு ஆளுக்கு முந்நூறு கொடுத்தோம்.

செபமாலை மேரிதான் சொன்னாள்,
ஒருத்தர் வகுப்பில் ஒருத்தர் போய் உட்காருவோம் என்று.
பின்வாங்கில் பெரியவர்கள் உட்கார்ந்தால்
அது குற்றம் பிடிக்கத்தான் என்று பழகியவர்கள் நாங்கள்.
முதலில் என் வகுப்புக்கு வந்தாள்.
நாற்பது நிமிடம். முப்பத்தொரு கேள்வி.
இருபத்தாறுக்கு நீயே பதில் சொன்னாய் என்று
கொப்பித்தாளைக் கிழித்து நீட்டினாள்.
இரண்டு புதன் நான் போகவில்லை.
காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் வாரம், யாரும் பார்க்காதபோது,
கேள்வி கேட்டுவிட்டு
மனதுக்குள் ஏழு வரை எண்ணிப் பார்த்தேன்.
மூன்றில் என் நாக்கு அரித்தது.
நான்கில் உடைந்த ஜன்னலால் முகில் உள்ளே வந்தது.
ஐந்தில் கொழுந்து லொறி வளைவில் கியர் மாற்றியது.
ஆறில், கடைசி வாங்கின் லோகிதராஜ்
வாயைத் திறந்தான்.
விடை பிழை.
ஆனாலும் அந்த வருடத்தில்
அவன் குரலை அன்றுதான் கேட்டேன்.

எப்படியோ வலயத்துக்குத் தெரிந்து
படிவம் ஒன்று வந்தது, மூன்று பிரதிகள்.
வளவாளர் பெயர். அனுமதி இலக்கம். உணவுச் செலவு.
உணவுச் செலவை மட்டும் நிரப்பினோம்:
மாலு பணிஸ், நான்கு.
இன்னும் மேசைக் காலுக்கடியில்தான் இருக்கிறது.
மேசை இப்போது ஆடுவதில்லை.

திலக்ஷனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்,
கிலோ, அரை, ஒன்றரை, எல்லாம்.
தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு
அப்ப பூச்சியத்தால வகுத்தா டீச்சர்?
ஒரு கிலோக்குள்ள பூச்சியம் எத்தன தடவ?

எண்ணினேன்.
ஏழு தாண்டியும் எண்ணினேன்.
அவளும் சேர்ந்து காத்திருந்தாள்.

தெரியல பிள்ள.
புதன்கிழமை கேட்டுப் பார்க்கிறேன்.