வாக்கியம் அறும் இடம்

அக்டோபரில் படகைக் கரையேற்றினோம்.
இனி மே வரை கொட்டகைதான்.
ஆறு இழுவை இயந்திரங்கள், ஒரு மஞ்சள் பல்பு,
வெளியே த்வோரோய்ரி குடாவில்
மூன்று மணிக்கே விழுந்துவிடும் இருட்டு.

நான் சுக்கான் பிடிப்பவன். துடுப்பைத் தொடுவதில்லை.
படகில் முன்னோக்கி உட்காருவது நான் ஒருவன்தான்.
அந்த ஆறு பெண்களுக்கும் போகிற இடம் முதுகுப்பக்கம்.
அவர்கள் பார்ப்பது கடந்துவந்த தண்ணீரை,
அப்புறம் என் முகத்தை.

குளிர்காலத்துக்கு ஒரே சட்டம் வைத்தேன்:
பேசிக்கொண்டே இழுக்க வேண்டும்.
முழு வாக்கியமாக, எழுவாய் பயனிலையோடு.
பாதியில் அறுந்தால்
வேகம் கூடிவிட்டது. குறை.

ரன்வாவுக்குக் கோபம்.
சால்மன் ஆலையில் நாளெல்லாம் நின்று வெட்டுகிறவள்.
"வலிக்காத பயிற்சிக்கா இந்தக் குளிரில் வந்தேன்?
இருபது வருஷம் தம் அடித்தவர்
தம் பிடிப்பதைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டார்."
பத்து நிமிஷம் எரிந்தாள். பிறகு சாம்பல்.
இருமிக்கொண்டே வாளியைத் தேடினாள்.

மற்றவர்கள் பேசினார்கள்.
கப்பல் வராத நான்கு நாளும் கடையில் வெங்காயம் இல்லாததை.
எல்ஸ்பாவின் தங்கை மணவிலக்கை,
நாற்பது நிமிஷத் தவணைகளில், ஜனவரி முடியும்வரை.
யாரும் உழைத்த மாதிரியே தெரியவில்லை.

பிரிட்டா செவிலி. அவள் சொன்னாள்:
இதயம் வேகமாக ஓடக் கற்பதில்லை,
ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக மொள்ளக் கற்கிறது.
தசைக்குள் மயிரிழை வாய்க்கால்கள் புதிதாய்க் கிளைக்கும்,
அதுவும் இங்கே இல்லை, வீட்டில், நீ தூங்கும்போது.
ரன்வா பதில் சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து மெதுவாக இழுத்தாள்,
பேச ஒன்றுமில்லாததால்
ஆலையின் ஷிப்ட் பட்டியலை ஒப்பித்தபடி.

பிப்ரவரியில் ஒரு மாலை
ஒரு பாதிரியார், ஒரு ஆடு, உடைந்த ஏணி பற்றிய
நீளமான நகைச்சுவை ஒன்றைத்
துளி இரைப்பில்லாமல் சொல்லி முடித்தாள்.
தாளம் அன்று கெட்டது, சிரிப்பால்.

ஜூலை. தோர்ஸ்ஹவ்ன் துறைமுகம், ஆயிரம் மீட்டர்.
இன்று யாருக்கும் பேச்சில்லை.
எழுநூறில் ஆறு முகங்களும் வெளுத்துவிட்டன.
மார்யுனின் கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை.
நான் எண்ணிக்கையைக் கத்தினேன், என் பயத்தையும் சேர்த்து.
அப்போது ரன்வா வாயைத் திறந்தாள்:
"நீங்கள் படகை இடப்பக்கம் கொண்டுபோகிறீர்கள்."

முழு வாக்கியம். எழுவாய் பயனிலையோடு.
உண்மையும்கூட.
எனக்குப் பின்னால் நுரைக்கோடு வளைவதை
அவள்தானே பார்க்கிறாள்.
திருப்பினேன்.

மறுநாள் கப்பலிறங்கி வீட்டுக்கு ஏறுகிறேன்.
அறுபத்திரண்டு படிகள்.
முப்பதில் நின்றேன். நாற்பத்தொன்றில் மறுபடி.
பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து
"எத்தனையாவது இடம்?" என்று கேட்டார்.
கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
இரண்டு விரலைக் காட்டினேன்.