தப்பான விடையின் ஓசை

எங்கள் கைபேசியில் இடம் குறைவு.
ஒரு செயலி உள்ளே வர
ஒன்று வெளியேற வேண்டும்,
நான் இயக்கும் இழுவைப் பெட்டி மாதிரி:
ஏழு பேர். எட்டாவது ஆள் அடுத்த நடைக்கு.

வால்பராய்சோவில், குன்றின் அடிவாரத்தில்,
சீட்டுக் கொடுக்கும் கூண்டு என்னுடையது.
ஒரு பெட்டி ஏறினால் மற்றது இறங்கும்.
நடைக்கும் நடைக்கும் நடுவே
ஐலினுக்காகச் செயலி தேடுகிறேன்.

எல்லாமே ஐந்து நட்சத்திரம்.
எல்லாவற்றின் முகப்பிலும் ஒரு கரடி சிரிக்கிறது.
"இரண்டே வாரத்தில் உங்கள் குழந்தை பேசும்"
என்கிறது ஒன்று,
எடை குறைக்கும் மாத்திரை விற்பவன் தோரணையில்.
அதை நான் சீண்டவே இல்லை என்று சொல்ல ஆசை.
இறக்கினேன். பணமும் கட்டினேன்.
மூன்றாம் நாள் கரடியை மறைத்துக்கொண்டு
கார்க் கடன் விளம்பரம் வந்தது.
அதன் மெட்டை மட்டும்
குளிர்காலம் முழுக்க முனகினாள் என் மகள்.

அடுத்தது, நிறங்கள்.
சிவப்பைத் தொடு என்றால் தொட வேண்டும்.
சரியாகத் தொட்டால் எக்காளம், வாணவேடிக்கை.
புத்தாண்டு இரவில் வாணம் பார்க்க
எங்கெங்கிருந்தோ எங்கள் துறைமுகத்துக்கு வருகிறார்கள்;
நாங்கள் மூவரும் அப்போது
கட்டிலுக்கு அடியில் படுத்திருப்போம்,
ஐலின் காதுகளின் மேல் ஆறு கைகள்.

வாரக் கடைசியில் செயலி அறிக்கை அனுப்பியது:
இருபதுக்குச் சுழியம்.
நிறங்களை இன்னும் அறியவில்லை.
யாஸ்னா அதைப் படித்துவிட்டு
ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

பேச்சுப் பயிற்சியாளர் மிரேயாதான்
நாற்காலியைப் பின்னால் இழுத்துப்போட்டு
வெறுமனே பார்த்தாள்.
சிவப்பைத் தொடு. நீலம்.
பச்சையைத் தொடு. சிவப்பு.
மஞ்சள்... ஐலினின் விரல் மஞ்சள் வரை போய்
ஒரு நூலிழையில் விலகிப் பச்சையில் அமர்ந்தது.
தப்பு என்றால் "டொப்".
ஈரச் சோப்பு தொட்டியில் விழுகிற மாதிரி,
சின்ன, வட்டமான டொப்.
அதற்குத்தான் அவள் தோள்கள் குலுங்கின.

"குருட்டாம்போக்கில் தொட்டால்கூட
நாலைந்து சரியாகிவிடும்," என்றாள் மிரேயா.
"ஒன்றுகூடச் சரியாகாமல் இருக்க
எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்."

ஒலியை அணைத்துப் பார்த்தோம்.
இரண்டைச் சரியாகத் தொட்டாள்,
எழுந்து போய்விட்டாள்.
ஓசை இல்லாத இடத்தில் அவளுக்கு என்ன வேலை.

அதன் பிறகு நான் நட்சத்திரங்களை எண்ணவில்லை.
கைதட்டலை நிறுத்த முடியுமா?
நடுவில் யாராவது கடன் விற்பார்களா?
படத்தைத் தொட்டால் பேசும் ஒன்று கிடைத்தது.
வெண்ணெய்ப்பழத்தைத் தொட்டாள் ஐலின்.
"அகுவகாத்தே" என்றது ஒரு மெக்சிகோக் குரல்.
எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒன்றைத் தின்றதில்லை.
எங்களுக்கு அது பால்தா.
பழத்தைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள்.
இரண்டையும் நம்பவில்லை.

ஆகவே இன்னொரு கேள்வி:
எங்கள் குரலை உள்ளே வைக்கலாமா?
பதினோரு செயலிகள் முடியாது என்றன.
பன்னிரண்டாவது முடியும் என்றது, இடம் கேட்டது.
கரடி போயிற்று. கால்பந்து முடிவுகள் போயின.
நான் தொப்பியோடு நிற்கும் படங்கள் எல்லாம் போயின.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவு வேலை முடித்து வந்த யாஸ்னா
ஜலதோஷத்தோடு நாற்பது சொற்களைப் பதிவு செய்தாள்.
அவளுக்கு இரண்டு நாளில் குணமாகிவிட்டது.
எங்கள் பால்தாவுக்கு இன்னும் மூக்கடைப்பு.

நேற்று மாலை கூண்டுக்கு வந்தாள் ஐலின்.
பெட்டியில் ஆறு பேர், அவள் ஏழாவது.
மடியில் கைபேசி.
பால்தா, என்றது யாஸ்னாவின் அடைத்த மூக்கு.
பால்தா. பால்தா.
சந்தைப் பையோடு நின்ற பெண்
ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள்.
ஐலின் திரையில் வேறொரு படத்தைத் தேடி,
"வேண்டாம்" என்று அம்மாவைச் சொல்ல வைத்தாள்.
பிறகு மறுபடி,
பால்தா.

மேலே மணி அடித்தார்கள்.
நெம்புகோலை இழுத்தேன்.