வாய் மரை

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது.
எண்ணெய் டாங்கர் ரயில் முழுசாகப் போகிற வரைக்கும்
செயின் பிளாக் ஏற்றிய மீன்பாடி வண்டியில்
நானும் தாவூதும் வியர்த்திருந்தோம்.

எட்டு போர்ஷன், ஒரே போர்.
நூற்றிருபது அடிக்கு ஆறு பைப்,
ஒன்றின் வாலை ஒன்று கவ்வி,
அடியில் மோட்டார்,
உள்ளே நிற்கிற உப்புத்தண்ணீரின் கனம் வேறு.
ராத்திரி அத்தனையும் விழுந்துவிட்டது.
கிளாம்பில் மிஞ்சியது
மேல் கப்ளிங்கும் அதன் வாயில் ஒடிந்த துண்டும்.

கொக்கி போட்டுத் துழாவி
மூன்றாம் தடவையில் மாட்டி
எல்லாம் மேலே வர மணி நாலு.

தாவூத் சொன்னான்:
"மரை கழண்ட கேஸுங்க எவ்ளோ சுத்துது ஊர்ல.
இது கழலவே இல்ல பாய், ஒடிஞ்சிருக்கு."

கப்ளிங்கை நெடுக்கில் அறுத்துப் பிளந்தேன்.
ஏழு சுற்று.
வாயை ஒட்டிய முதல் மரையின் அடியில்தான் முறிவு;
முக்கால் வட்டம் பழைய துரு,
கால் வட்டம் நேற்று ராத்திரியின் வெள்ளை.
இரண்டாவது நசுங்கியிருந்தது.
மூன்றாவது களைத்திருந்தது.
ஏழாவதில்
கடையில் தடவிய எண்ணெய்கூட உலரவில்லை.

"ஏழும் சேந்துதானே புடிக்கும்?"
நோட்டும் பேனாவுமாக தனசீலன் சார்.

புடிக்கும் சார். சமமா புடிக்காது.
மூணுல ஒரு பங்கு வாய் மரைக்கு.
அது தாங்கினது போக மிச்சம் அடுத்ததுக்கு,
மிச்சத்தோட மிச்சம் அதுக்கடுத்து.
உள்ள போகப் போக சும்மா பேருக்குத்தான்.
"நல்லா இறுக்கினா?"
இறுக்கினாலும் இரும்பு இழுபடுமே சார்.
வாய்லதான் முதல்ல இழுபடும்.
சுவிட்ச் போடறப்பல்லாம் ஓர் உதறல்,
அதுவும் அங்கதான்.

அவர் நோட்டில் எழுதினார்:
பதினாலாயிரத்து நானூறு, வகுத்தல் எட்டு.

சுவிட்ச் முதல் போர்ஷன் எஸ்தர் வீட்டுச் சுவரில்.
விடிகாலை நாலரைக்குப் போடுவது அவர்.
தண்ணீர் வராவிட்டால் தட்டுவது அவர் கதவை.
காலையில் என்னைக் கூப்பிட்டதும் அவர் போன்தான்.

இருட்டும்போது ஐந்து பங்கு சேர்ந்திருந்தது.
ஆறாவது வீடு பூட்டு.
எட்டாவதில் "ஒண்ணாந்தேதி."
தனசீலன் சாருக்கு ஏடிஎம் வேலை செய்யவில்லை.
எஸ்தர் உள்ளே போய்
அரிசி டப்பா வாசனையோடு நோட்டுகள் கொண்டுவந்தார்.
"எண்ணிக்கோங்க."
எண்ணவில்லை.

புது கப்ளிங், சணல், வெள்ளை லெட்.
யாரும் கேட்காத நைலான் கயிறு ஒன்றையும்
மோட்டாரோடு கட்டினேன்,
பில்லில் ஏற்றாமல்.

செயினைத் தளர்த்தினான் தாவூத்.
கிளாம்ப் உட்கார்ந்தது.
மேல் கப்ளிங்கில் கை வைத்திருந்தேன்:
டிக்கென்று
ஒரு சின்னச் சத்தம்.
முதல் மரை
வாங்கிக்கொண்டது.