அசல் அல்லாதவை

பதினோராவதை வாங்கியபோது
டெல்பர்ட்டிடம் சொன்னேன், இதுதான் கடைசி.
பத்தாவதுக்கும் அதையேதான் சொன்னாய் என்று
சாப்பாட்டு மேசையைக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்
இடம் பண்ணிக் கொடுத்தான்.
அன்றிலிருந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறோம்.

குளோவிஸ் அடகுக்கடையில் கிடந்தது அது.
எழுபத்திரண்டாம் வருஷத்துப் பெடல் ஸ்டீல் கிட்டார்.
இரண்டு கழுத்து, எட்டு பெடல், மேப்பிள் மரம்.
முழங்காலால் தள்ளுகிற நெம்புகோல் ஒன்று மட்டும்
யாருடைய காலுக்காகவோ
வெளிப்பக்கம் வளைக்கப்பட்டிருந்தது.

நான் வீடு வீடாகப் புரொப்பேன் நிரப்பும்
லாரி ஓட்டுகிறவள்.
குளிர்காலம் முழுக்க ஓட்டம், கோடையில் ஓய்வு.
அந்தக் கோடையில் அதைக் கவிழ்த்துப் போட்டேன்.
மற்ற கிட்டார்களைக் கவிழ்த்தால் வெறும் பலகை.
இதன் அடியில்
தையல் மிஷினும் சைக்கிளும் குடித்தனம் நடத்தின:
இழுகம்பி, சுருள்வில், கொக்கி,
அத்தனையின் மேலும் சிகரெட் புகைப் பிசின்.

பல் துலக்கும் பிரஷ் ஏழு தேய்ந்தது.
முன்பலகையோரம் கெட்டித்துக் கிடந்த
சாம்பல்நிற அழுக்கு உருண்டையை
பிளேடால் நெம்பினேன்.
கடைவாய்ப்பல் மாதிரி விழுந்தது.

மறுபடி பூட்டி, சுருதி சேர்த்து,
எஃகு உருளையைத் தந்திகள் மேல் வைத்து
முதல் பெடலை மிதித்தேன்.
இதில் ஸ்வரம் படி ஏறுவதில்லை,
தொட்டியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஏறும்.
எல்லாம் சரி.
ஆறாவது தந்தியில் மட்டும்
டம்ளருக்குள் மாட்டிய ஈயின் இரைச்சல்.

இரண்டு வருஷம் அந்த ஈயைத் தேடினேன்.
தந்தி மாற்றினேன், கொக்கி மாற்றினேன்,
சுருள்வில் ஒன்றை மாற்றினேன்.
டெல்பர்ட் காதை வைத்துக் கேட்டுவிட்டு
உன் பல்செட்டாக இருக்கும் என்றான்.
அந்த வாரம் அவனுக்கு நின்றுகொண்டுகூடச் சாப்பாடில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, டூகம்காரியில்,
முன்னாள் படைவீரர் மன்றத்தில் நடனம்.
பூட்ஸ் வழுக்கட்டும் என்று
தரையெல்லாம் சோளமாவு தூவியிருந்தார்கள்.
மெதுவான வால்ட்ஸ் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தேன்.
முன்னால் ஒருவன் ஆடாமல் நின்றான்,
கண் எடுக்காமல் என் முழங்காலைப் பார்த்தபடி.
இந்த வயதில்! பொய் சொல்வானேன்,
கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இடைவேளையில் வந்தான்.
எலூயித் பாக்கா, ஆழ்கிணறு தோண்டுகிறவன்,
நாற்பது இருக்கலாம்.
இடதுகால் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.
"அந்த நெம்புகோலை நான்தான் வளைத்தேன்."
லாரி கியர்பாக்ஸுக்காக விற்றானாம்.
அந்த லாரியும் இப்போது இல்லையாம்.
திருப்பிக் கேட்கப் போகிறான் என்று
மனசுக்குள் ஒரு விலை போட்டு
அதை இரட்டித்துக்கொண்டிருந்தேன்.

"அடியில் ஒரு தடவை பார்க்கட்டுமா?"

சோளமாவில் மல்லாந்து படுத்து
பெடல்களுக்கு அந்தப்பக்கம் தலையை நுழைத்தான்.
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு:
"என் சூயிங்கம் எங்கே?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஆறாவது தந்தி இரையுமே, என்றது கீழிருந்து குரல்.
அதன் இழுகம்பி பலகையில் உரசும்.
ஒரு கல்யாண வரவேற்பில், பாதிப் பாட்டில்,
வாயில் இருந்ததை எடுத்து ஒட்டினேன்.
பதினாலு வருஷம் நின்றது.

பாஸ் வாசிக்கும் வில்லடீன்
கைப்பையைத் துழாவி ஒன்றை நீட்டினாள்.
இலவங்கப்பட்டை மணம்.
மென்றான். அவசரமே படாமல் மென்றான்.
டிரம்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒரு வழியாகக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு
ம், என்றான்.

மிதித்தேன்.
ஈ இல்லை.

வாசிக்கிறாயா என்று பெஞ்சை விட்டு எழுந்தேன்.
முதுகில் மாவோடு நின்று யோசித்தான்,
வாசலோரம் பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி
கடுகடுவென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
"நீயே வாசி. வேகமாக ஏதாவது."
அந்தக் காலோடு அவன் சுழன்ற சுழற்சியில்
இரண்டு தடவை நான் பெடல் தவறினேன்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்,
விற்கிற அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமலிருக்க.
அன்றிரவு பதினோராம் பக்கத்தில்,
அசல் அல்லாத பாகங்கள் என்பதற்குக் கீழே,
கொக்கி, சுருள்வில், தந்தி பத்துக்கும் அடுத்து எழுதினேன்:

சூயிங்கம், ஒன்று. இலவங்கப்பட்டை.
பொருத்தியவர்: முன்னாள் சொந்தக்காரர்.
சுரண்ட வேண்டாம்.