அரை மாத்திரை

ஒரு ஞாயிறு, மழை விடாததால்,
அந்தச் சிறு நிரலை இறக்கிப் பொருத்தினேன்.
இனி நான் சுரம் எழுத உட்கார்ந்தால்
அரட்டைச் செயலியில் என் பெயருக்குக் கீழே
தானாகவே வந்து நிற்கும்:
"இசை எழுதுகிறார். பெயரிடாதது 7.
தொடங்கி நாற்பது நிமிடம்."

பொய் சொல்வானேன்,
ஊர் பார்க்கட்டும் என்றுதான் பொருத்தினேன்.
வுப்பர்டாலில் ஒரு பல் பட்டறையில்
பகல் முழுக்கப் பீங்கான் கடைவாய்ப்பல் தேய்ப்பவன்
இரவில் யார் என்று
குழுவில் பதினாலு பேருக்காவது தெரியட்டும்.

தெரிந்தது.
செல்லோ வாசிக்கும் உல்ரிகே கட்டைவிரல் உயர்த்தினாள்.
லண்டனிலிருந்து மச்சான் கேட்டான்:
"என்னடா, ஏழாவதுக்கும் பேர் வைக்கேல்லையோ?"

யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு.
அந்த மென்பொருளில் புதுக் கட்டம் கேட்டால்
ஓய்வுக்குறி நிரப்பித்தான் தரும்.
முப்பத்திரண்டு கட்டம் கேட்டேன்.
முப்பத்திரண்டு மௌனம் கொடுத்தது, இலவசமாக.
அதைத் திரையில் விரித்து வைத்துவிட்டுப்
பருப்பு வேகப்போட்டேன், சட்டை மடித்தேன்,
ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில்
காலில்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
செயலி விடாமல் எண்ணியது:
மூன்று மணி. மூன்று மணி பதினொரு நிமிடம்.
"உன் உழைப்பு!" என்றாள் உல்ரிகே.

கண் இமைக்கும் பொழுது ஒரு மாத்திரை,
புள்ளி வைத்தால் அதில் பாதி என்று
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்திருக்கிறேன்.
புள்ளி வைத்த எழுத்துக்கு மெய் என்று பேர்.
என் படத்தின் ஓரத்திலும் ஒரு புள்ளி, பச்சையாய்.
அதில் மெய் எவ்வளவு என்று
என்னைக் கேட்காதீர்கள்.

சாம்பவியின் புள்ளி மாசியிலிருந்து சாம்பல்.
கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்து
பெட்டியில் வைத்துக்கொண்டு போனவள்.
நாலாவதில் அவளுக்குப் பதினொரு கட்டம்,
இடையில் ஓரிடமும் விடவில்லை நான்.
"எங்கே மூச்சு விட?" என்றாள்.
"மென்பொருள் வாசிக்கிறதே" என்றேன்.
சொன்னது அவ்வளவுதான்.
பதினாலு பேரும் தாங்கிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்,
ஒரு திருகாணி உருண்டு மேசைக்கடியில் போனது,
அதைத் தேடுவதுபோல் நான் குனிந்துகொண்டேன்.

நேற்று இரவு பத்தே முக்காலுக்கு
அவள் பெயர் பச்சையாயிற்று.
அவளும் அதே நிரலைப் பொருத்தியிருக்கிறாள்,
என்றைக்கென்று தெரியாது, யாருக்காக என்றும் தெரியாது.
"இசை எழுதுகிறார். பெயரிடாதது 4."

நாலு என்னுடையது.

எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்று செயலி சொல்லாது.
அழிக்கிறாளா, அளக்கிறாளா,
என்னைப்போல் திறந்து வைத்துவிட்டு
தலைக்குக் குளிக்கப் போய்விட்டாளா,
சொல்லாது.
கோப்பின் பெயர், நிமிடக் கணக்கு, அவ்வளவே.
பத்து. பதினேழு. இருபத்தாறு.

நானும் நாலைத் திறக்கலாம்.
திறந்தால் இரண்டு பெயருக்குக் கீழும்
ஒரே வரி எரியும்.
அவள் பார்ப்பாள். மூடிவிடுவாள்.
திறக்காவிட்டாலும் இருக்கிறதே என் ஏழு,
ஒரு சுரமும் இல்லாமல்
இரண்டு மணி நேரமாய் எழுதிக்கொண்டு,
அவள் பட்டியலில் நேர் மேலே.

"மறைந்திரு" என்பதை அழுத்தினேன்.
என் புள்ளி போயிற்று.

புள்ளியை எடுத்தால் எழுத்தில் உயிர் ஏறும்,
அரை ஒன்றாகும் என்பதும்
அதே சனிக்கிழமைப் பாடம்தான்.
அப்போது ஜன்னல் பக்கத்து வாங்கில் இருந்தேன்,
கவனிக்கவில்லை.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
எங்கோ ஒரு கட்டத்தில், ஒருவேளை,
கால் எண்ணிக்கை இடம் வெட்டி
அவள் மூச்சை வைக்கிறாள்.
அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் வாசம்.
எழுந்து போகவில்லை.