பத்து வட்டங்கள்

கரண்டு போய் நாற்பது நிமிடம்.
எண்ணும் இயந்திரம் வாயடைத்துக் கிடக்கிறது.
தக்கலையில், மாடிப்படிக்குக் கீழே எங்கள் லேப்.
மேலே வார்டில் ஏசுவடியான், முப்பத்தொன்று, கொடிமுனை.
"நாலு நாளாட்டு காய்ச்சலாக்கும்"
என்றாள் தங்கச்சி டெல்பின்,
அவன் வாய் திறக்காததால்.

ஸ்லைடில் ஒரு சொட்டு.
இன்னொரு ஸ்லைடைச் சாய்த்து ஒரே இழுப்பு.
ரத்தம் நாக்கு நீட்டிப் படுக்கிறது.
லீஷ்மன் சாயம், கழுவல், காயல்,
பிறகு ஒரு துளி எண்ணெய்.
பேட்டரி விளக்கைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தபடி
டெல்பின் நிற்கிறாள், மூச்சுவிட்டால் ஆடுமோ என்று.

முதல் வட்டம்.
துளையிட விரல் வைத்து
துளைக்காமல் விட்ட வடைகள்போலச் சிவப்பணுக்கள்.
தன் கருவைத் தானே வெளியே எறிந்துவிட்டு
சுமக்க மட்டும் இடம் வைத்துக்கொண்டவை.
அதற்கப்புறம் நூற்றியிருபது நாள்தான் ஆயுசு.
இடையில் நாவற்பழக் கறைபோலத் தட்டணுக்கள்:
மூன்று.

இரண்டாவதிலும் மூன்று.

ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய
இருபத்தேழு கோடி ஹீமோகுளோபின்.
ஒவ்வொன்றின் மடியிலும் நாலு இரும்பு அணு.
இந்த லென்சுக்கு அது எட்டாது.
நான் நம்புகிறேன்,
நங்கூரக் கயிற்றைப் பிடித்திருப்பவன்
அடியில் கிடக்கும் இரும்பை நம்புவதுபோல:
கையில் கனம் தெரிகிறதே.
எந்த நட்சத்திரத்தில் வெந்த இரும்பு என்று எழுத
எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
வயது உண்டு, பால் உண்டு, பில் நம்பர் உண்டு.

மூன்றாவதில் இரண்டு. நாலாவதில் நாலு.

மேலே அவன் கையில் சலைன் இறங்குகிறது.
சோடியம் தனியே தண்ணீரைத் தொட்டால் தீப்பிடிக்கும்,
குளோரின் தனியே மூச்சை அடைக்கும்,
இரண்டும் கைகோத்தால்
சாமித்தோப்பு அளத்தில் வெள்ளையாய்க் குவிந்து கிடக்கும்,
கஞ்சிக்குள் சத்தமில்லாமல் கரையும்.
சேர்ந்தால் குணம் மாறும் என்பது
சில கல்யாணங்களுக்கும் பொருந்துமாம்.
எனக்குப் பொருந்தவில்லை.

"எக்கா, என்னவாவது தெரியுதா?"
"பேசாம பிடி பிள்ளே."

ஆறாவது வட்டத்தில் ஒரு வெள்ளணு,
நீலப் பாவாடையை விரித்து
பக்கத்துச் சிவப்பணுக்கள்மேல் சாய்ந்திருக்கிறது.
கலவரம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்தவளின் உடல்வாகு.
கலவரக்காரனை மட்டும் காணோம்.
அவன் இந்த லென்சுக்கும் கீழே:
புரதக் கூட்டுக்குள் சுருட்டிய ஒரு சீட்டு.
தின்னமாட்டான், மூச்சுவிடமாட்டான்,
சொந்தமாய் ஓர் அடுப்புகூட இல்லை.
வாடகைக்கு வந்தவன் அடுக்களையைப் பிடித்துக்கொண்டு
தன்னையே சமைக்கச் சொல்கிறான்,
தட்டுத் தட்டாக.

ஏழில் ஒன்றுதான்.
அந்த ஒன்றை நெடுநேரம் பார்த்தேன்.
பத்து நாள்கூட வாழாத துணுக்கு.
மணவாளக்குறிச்சிக் கருமணலில் கிடக்கிற தோரியமோ
பாதி தீர்வதற்கே
ஆயிரத்து நானூறு கோடி வருஷம் கேட்கிறது.
அந்த மணலை மிதித்துத்தான் இவர்கள்
வள்ளம் தள்ளப் போவார்கள்.
காலுக்கடியில் அவசரமே இல்லாத அணு,
காலுக்குள் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவசரம்.

எட்டில் ஐந்து வந்தது.
சந்தோஷத்தில் இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.
ஐந்தேதான்.

பத்து வட்டமும் கூட்டினால் முப்பது.
சராசரி மூன்று, பதினைந்தாயிரத்தால் பெருக்கு:
நாற்பத்தைந்தாயிரம்.
எழுதி முடிக்கும்போது கரண்டு வந்தது.
இயந்திரம் இருமி, விழித்து,
அதே ரத்தத்தை உறிஞ்சி,
ஒரு நிமிடத்தில் துப்பியது: நாற்பத்தெட்டாயிரம்.

"கூடியிருக்கு இல்லியா எக்கா?"
டெல்பின் விளக்கை இன்னும் அணைக்கவில்லை.

கூடின மூவாயிரம் இயந்திரத்துடையது,
அவனுடையது அல்ல.
அதைச் சொல்லவில்லை.
இரண்டு எண்ணையும் எழுதி, கையெழுத்துப் போட்டு,
"ஆறு மணிக்கு மறுபடி எடுக்கணும், போய்ச் சொல்லு" என்றேன்.

படியேறும் செருப்புச் சத்தம் ஓய்ந்தபின்
லென்சின் எண்ணெயைத் துடைத்தேன்.
ஸ்லைடைக் கழுவவில்லை.